கோயிலில் சாய்தளம் வைத்தால் கல் கெட்டுப்போகுமா?

பழைய கோயில் ஒன்றில் சக்கர நாற்காலி போகச் சாய்தளம், அதாவது சரிவான பாதை, வேண்டும் என்று யாராவது வாய் திறந்தால் போதும், பேச்சு உடனே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. "ஆயிரம் வருஷத்துக் கல்லை உடைக்கச் சொல்றீங்களா?" என்று ஒரு தரப்பு. "கல்லு முக்கியமா, மனுஷன் முக்கியமா?" என்று இன்னொரு தரப்பு. இரண்டு தரப்புக்கும் கோபம் உண்மையானதுதான். ஆனால் அந்தப் படி எத்தனை அங்குல உயரம், அதற்குச் சாய்தளம் வைத்தால் எவ்வளவு நீளம் வரும், அதைக் கல்லில் துளை போடாமல் நிறுத்த முடியுமா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அந்த மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டால் சண்டையில் பாதி தானே அடங்கிவிடும்.

மரபைக் காப்பதும் எல்லோரும் வந்து போக வழி செய்வதும் ஒன்றுக்கொன்று எதிரி என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். சில இடங்களில் அவை மோதுவது உண்மை. ஆனால் அந்த இடங்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. பெரும்பாலான கோயில்களில் கல்லைக் கெடுத்தது ஒன்று. முதியவரையும் மாற்றுத்திறனாளியையும் தடுத்தது வேறொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இந்த விஷயம் புரிந்துவிடும்.

ஸ்கூட்டர் பலகை

நம் ஊர் வீடுகளில் வாசலில் இரண்டு மூன்று படி இருக்கும். ராத்திரி ஸ்கூட்டரை உள்ளே ஏற்ற வேண்டும். இதற்கு இரண்டு வழி உண்டு. கொத்தனாரைக் கூப்பிட்டு, படியை ஓரமாக உடைத்து, சிமெண்ட் சரிவு போட்டுவிடலாம். அல்லது ஒரு கனமான பலகையோ இரும்புத் தகடோ வாங்கிவைத்து, வண்டி ஏற்றும்போது மட்டும் படிமேல் சாத்தலாம்.

வண்டி இரண்டு வழியிலும் ஏறிவிடும். வித்தியாசம் பிறகுதான் தெரியும். பத்து வருடம் கழித்து மகன் கார் வாங்கிவிட்டான், சரிவு வேண்டாம் என்று வையுங்கள். பலகையை எடுத்துப் பரணில் போட்டால் பழைய படி அப்படியே இருக்கும். சிமெண்டைப் பெயர்த்தால் படியும் சேர்ந்து பெயரும்.

கட்டடப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் சொல்லும் மிக முக்கியமான விதி இவ்வளவுதான். அதற்கு மீள்தன்மை என்று பெயர்: பழைய கட்டடத்தில் நாம் எதைச் சேர்த்தாலும், பின்னால் வருபவர் அதை எடுத்துவிட்டால் கட்டடம் முன்பு இருந்தபடியே, தழும்பில்லாமல் இருக்க வேண்டும். இன்று நாம் சரியென்று நினைப்பதை நாளைக்கு வருபவர் தவறென்று கண்டுபிடிக்கலாம் என்ற அடக்கம் இந்த விதிக்குள் இருக்கிறது.

கம்போடியாவின் அங்கோர் வாட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்குக் கட்டிய கோயில் அது. உச்சித் தளத்துக்கு ஏறும் கல்படிகள் ஏணி மாதிரி செங்குத்தானவை. ஏறுபவர் காலும் நோகும், படியின் விளிம்பும் தேயும். அதனால் கல்படிக்கு மேலே கைப்பிடியோடு மரப்படி அமைத்திருக்கிறார்கள். மிதிபடுவது மரம். மரம் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். மரப்படி போட்டும் சக்கர நாற்காலி மேலே போகாது என்பது உண்மை. ஆனால் முழங்கால் வலி உள்ள ஒருவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏற முடிகிறது, கல்லும் பிழைக்கிறது. ஒரே பலகை இரண்டு வேலையையும் செய்கிறது.

நம்மூருக்கு வாருங்கள். சித்திரை வெயிலில் பிராகாரத்துக் கருங்கல் தளத்தில் கால் வைக்க முடியாது. சில கோயில்களில் நடைபாதை முழுக்கத் தேங்காய் நார் விரிப்பு போட்டுத் தண்ணீர் தெளிக்கிறார்கள். வேறு பல கோயில்களில் கல்மேல் வெள்ளைப் பெயிண்ட் பட்டை அடித்துவிடுகிறார்கள். பக்தருக்கு இரண்டும் நிம்மதிதான். ஆனால் விரிப்பைச் சுருட்டி எடுத்துவிடலாம். பெயிண்ட் கல்லின் நுண்துளைக்குள் இறங்கிவிடும். பிறகு அதை எடுக்கப் போகும் ரசாயனமும் கம்பித் தூரிகையும் பெயிண்டைவிட மோசமானவை.

ஆக, "கோயிலில் புதிதாக எதையும் வைக்கவே கூடாது" என்று எந்தப் பாதுகாப்பு விதியும் சொல்லவில்லை. எதை வைத்தாலும் எடுக்கும்படி வையுங்கள் என்கிறது. சக்கர நாற்காலிச் சாய்தளம் இந்தத் தேர்வில் எளிதாகத் தேறிவிடும். தேறாத பொருள்கள் ஏற்கெனவே கோயிலுக்குள் நிறைய இருக்கின்றன.

கல்லை உண்மையில் கெடுத்தது யார்?

கருங்கல் கெட்டியானது, அதற்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை நம்மிடம் பலமாக இருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் பல திருப்பணிகளில் சேண்ட் பிளாஸ்டிங் நடந்தது. மணலை அழுத்தக் காற்றோடு பீய்ச்சி அடித்து, நூற்றாண்டுகளாகப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்புப் பூச்சையும் எடுப்பது. ஒரு நாளில் தூண் பளிச்சென்று புதுசாகத் தெரியும். ஆனால் மணலுக்கு அழுக்கு எது, சிற்பத்தின் மூக்கு எது என்று தெரியாது. உளி விட்ட நுட்பமான கோடுகளும் கல்வெட்டின் எழுத்து விளிம்புகளும் மழுங்கிப்போகும். மேற்பரப்பு சொரசொரப்பாகி முன்பைவிட வேகமாக அழுக்கு பிடிக்கும். இந்த முறைக்கு இன்று தடை இருக்கிறது. ஆனால் அடித்த இடங்களில் அடித்தது அடித்ததுதான்.

அடுத்தது சிமெண்ட். பழைய கோபுரங்களில் செங்கலை இணைத்ததும் சுதைச் சிற்பங்களைச் செய்ததும் சுண்ணாம்பால்தான். கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்து, மழையில் உள்ளே போன ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அப்படி விடாது. பழைய சுவர்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு, உப்போடு சேர்ந்து செங்கல்லை உள்ளிருந்து பொடியாக்கும். வெளியே பார்க்க உறுதியாக இருக்கும். பத்துப் பதினைந்து வருடத்தில் பாளம் பாளமாகக் கழன்று விழும்போதுதான் தெரியும்.

மூன்றாவது, எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது, தளத்தை உயர்த்துவது. கருவறையும் மண்டபமும் நிற்கும் செதுக்கிய அடிப்பீடத்தை அதிட்டானம் என்பார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் பெரும்பகுதி அதிட்டானத்திலும் அதற்கு மேலுள்ள சுவரிலும்தான் வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு திருப்பணியிலும் பழைய தளத்தின்மேல் ஒரு அடுக்கு கான்கிரீட், அதன்மேல் பளபளக்கும் கிரானைட் பலகை என்று போட்டுக்கொண்டே போனால், அதிட்டானம் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைகிறது. கல்வெட்டின் கீழ்வரி போய்விடும். பிராகாரம் உயர்ந்துவிட, மழைத்தண்ணீர் வெளியே ஓடாமல் சந்நிதிப் பக்கம் திரும்பும். இதற்குச் சொல்லப்படும் காரணம் என்ன தெரியுமா? பக்தர் வசதி.

அந்த வசதியைக் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். கொத்திவிட்ட பழைய கல்தளம் சற்றுச் சொரசொரப்பானது. காலுக்குப் பிடிமானம் தரும். பாலிஷ் போட்ட கிரானைட்டில் அபிஷேகத் தண்ணீரோ விளக்கெண்ணெயோ நாலு சொட்டு விழுந்தால் எழுபது வயதுக்காரர் சறுக்கி விழுவார். தொன்மையும் போச்சு, வசதியும் போச்சு. பழைய தளத்தை அப்படியே விட்டிருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும்.

இன்னும் உண்டு. வரிசைக் கம்பிகளை நிறுத்தத் தளக்கல்லில் துளை போட்டு இரும்புக் குழாய் நடுகிறார்கள். இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் கல்லை உள்ளிருந்து நெரித்துப் பிளக்கும். தூண் சிற்பத்தின் இடுப்பில் ஆணி அடித்து ஒயர் இழுப்பது, உபயதாரர் பெயரைச் சுவரிலேயே வெட்டுவது, மண்டபத்துக்குள் கடை வைப்பது எல்லாம் இந்தப் பட்டியல்தான். 2018 பிப்ரவரியில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்துத் தூண்களும் கூரையும் சிதைந்தன. தீ தொடங்கியது அங்கிருந்த கடைப் பகுதியில். நெருப்பில் சூடேறிய கருங்கல் வெடித்து உதிரும் என்பது அன்று ஊருக்கே தெரிந்தது.

கல்லைக் கெடுத்தவற்றின் இந்தப் பட்டியலில் ஒரு தடவைகூடச் சக்கர நாற்காலி வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கல்லைக் கெடுத்தது அவசரமும் பளபளப்பு ஆசையும். பழி மட்டும் சாய்தளம் கேட்பவர் தலையில் விழுகிறது.

சாய்தளக் கணக்கு

படியில் ஏற முடியாதவர் ஏறுவதற்கான சரிவான பாதைதான் சாய்தளம். சும்மா ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் அது சாய்தளமாகாது. செங்குத்தாக வைத்தால் நாற்காலி பின்னால் கவிழும். பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு 1:12. அதாவது ஒரு அங்குலம் உயர பன்னிரண்டு அங்குலம் நீளம் வேண்டும்.

கோபுர வாசலின் நிலைப்படி 15 சென்டிமீட்டர் உயரம் என்றால் ஏறுவதற்கு 1.8 மீட்டர், மறுபக்கம் இறங்க இன்னொரு 1.8 மீட்டர். இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. நடை திறக்கும்போது போட்டு, சாத்தும்போது எடுத்துவைத்துவிடலாம். கல்லைத் தொடும் இடத்தில் ரப்பரோ நார்ப்பாயோ வைத்துவிட்டால் உராய்வும் இல்லை.

பக்தர்கள் நின்று கும்பிடும் மகாமண்டபம் 1.2 மீட்டர் உயர அதிட்டானத்தின்மேல் நிற்கிறது என்று வையுங்கள். இப்போது சாய்தளம் 14.4 மீட்டர். நடுவில் மூச்சு வாங்க ஒரு சமதளம், திரும்ப ஒரு இடம், இரண்டு பக்கமும் கைப்பிடி. இவ்வளவு பெரிய பொருளை மண்டபத்தின் முகப்பில் வைத்தால் சிற்பவேலை மறையும். அர்ச்சகரும் சுவாமி புறப்பாடும் போகும் வழி அடைபடும். அப்போது பக்கவாட்டில் வேறு வாசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல கோயில்களில் மகாமண்டபத்துக்குத் தெற்கிலோ வடக்கிலோ இன்னொரு படி இருக்கும். அங்கே இரும்புச் சட்டத்தில் தன் காலிலேயே நிற்கும் சாய்தளம் வைக்கலாம். சுவரில் சாயவும் வேண்டாம், தளத்தில் துளையும் வேண்டாம்.

கருவறையை நெருங்க நெருங்க வாசல் குறுகும். சக்கர நாற்காலி தாராளமாகப் போகக் கதவிடைவெளி 90 சென்டிமீட்டர் வேண்டும் என்பார்கள். கருவறையை ஒட்டி முன்னால் இருக்கும் அர்த்தமண்டபத்தின் பழைய வாசல்கள் பலவற்றில் அது கிடையாது. அந்த நிலைக்கல்லைச் செதுக்கி அகலமாக்குவது என்ற பேச்சே கூடாது. இங்கேதான் நிஜமான மோதல் இருக்கிறது. இங்கே கல் ஜெயிக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் பெரும்பாலான பக்தர்களே அர்த்தமண்டபத்துக்குள் போவதில்லை, மகாமண்டபத்தில் நின்றுதான் கும்பிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லோரும் நிற்கும் இடம் வரை வர முடிந்தால் கேட்டது கிடைத்துவிட்டது.

நடக்க முடியாதவர் மட்டுமே கணக்கில் வரும் என்று எண்ணிவிடக் கூடாது. பார்வையற்றவருக்கு ஒரு சிற்பத்தை அறியக் கைதான் வழி. ஆயிரக்கணக்கான கைகள் தொட்டால் எண்ணெயும் வியர்வையும் படிந்து கல் மழுங்கும் என்பதும் உண்மை. வழியில் ஒரு மாதிரிச் சிற்பத்தையோ கோயிலின் சிறு வடிவத்தையோ தொட்டுப் பார்க்க வைத்தால் தீர்ந்தது. இதற்குப் பெரிய செலவும் இல்லை. நம் ஸ்தபதிகளுக்கு வேலையும் கிடைக்கும்.

ஒருவர் வருவதும் ஒரு லட்சம் பேர் வருவதும்

அணுகல், அதாவது எல்லோரும் வந்து போக வழி, என்றாலே "நிறையப் பேர்" என்று எடுத்துக்கொள்வதில்தான் குழப்பம் வருகிறது. யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது வேறு. எல்லோரும் ஒரே நேரத்தில் வரலாம் என்பது வேறு. முதலாவது உரிமைக் கேள்வி. இரண்டாவது இயற்பியல் கேள்வி.

ஓர் இடம் கெடாமல், வருபவருக்கும் ஆபத்தில்லாமல், ஒரே நேரத்தில் எத்தனை பேரைத் தாங்கும் என்பதை தாங்குதிறன் என்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் இதற்கு நல்ல பாடம். 1010இல் ராஜராஜன் முடித்த கோயில் அது. 1987 முதல் உலக மரபுச் சின்னம். வெளிப் பிராகாரம் பரந்து கிடக்கிறது. பிரதோஷத்தன்று நந்தியைச் சுற்றி எவ்வளவு கூட்டம் நின்றாலும் வானம் பார்த்த முற்றம் தாங்கும். ஆனால் அதே கோயிலின் கருவறையைச் சுற்றி இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓடும் இருண்ட திருச்சுற்றில் நிலைமையே வேறு. அங்கே நாயக்கர் கால ஓவியங்களுக்குக் கீழே சோழர் கால ஓவியங்கள் மறைந்திருந்தன. 1931இல் வரலாற்றுப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டறிந்தார். பிற்பாடு தொல்லியல் துறையினர் மேலடுக்கு ஓவியங்களைச் சேதமின்றிப் பிரித்தெடுத்துத் தனிப் பலகைகளில் ஏற்றினார்கள். அந்தச் சுற்று பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படவில்லை.

ஏன் என்று பலர் கோபப்படுகிறார்கள். கணக்கு இதுதான். சும்மா நிற்கும் ஒரு மனிதர் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 40 முதல் 50 கிராம் நீராவி விடுகிறார். நூறு பேர் ஒரு மணி நேரம் அந்தச் சுற்றில் நகர்ந்துகொண்டிருந்தால் நான்கைந்து லிட்டர் தண்ணீரைக் காற்றில் தெளித்தது போலாகும். காற்றோட்டமில்லாத இடத்தில் அது குளிர்ந்த சுவரில் போய் ஒட்டும். சுண்ணாம்புப் பூச்சு ஈரமாகும், காயும், மறுபடி ஈரமாகும். உள்ளிருக்கும் உப்பு கரைந்து வெளியே வந்து படிகமாகும்போது வண்ணப் படலத்தைத் தூக்கிவிடும். கூடவே கரியமில வாயு, உடம்புச் சூடு, பூஞ்சை. யாரும் சுவரைத் தொடவே வேண்டாம், மூச்சுவிட்டாலே போதும்.

இதற்குப் பதில் கதவைச் சாத்துவது மட்டுமா? மற்ற இடங்களில் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். முன்னர் சொன்ன அங்கோர் வாட் உச்சித் தளத்தில் ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் விடுவதில்லை. ஒரு கூட்டம் இறங்கியபின் அடுத்தது. ஹம்பியில் விட்டலர் கோயில் வரை வாகனங்கள் போய்க்கொண்டிருந்ததை நிறுத்தி, தள்ளியே வண்டிகளை நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து மின்கல வண்டி விட்டார்கள். அதிர்வும் புகையும் குறைந்தன. நடக்க முடியாதவருக்கு அது முன்பைவிட எளிது. இசைத் தூண்களைத் தட்டிப் பார்ப்பதையும் நிறுத்தினார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை, ஆளாளுக்குத் தட்டினால் எந்தத் தூண் தாங்கும்?

திருமலையில் கூட்டத்தைக் கோயிலுக்கு வெளியே கட்டிய வைகுண்டம் காத்திருப்புக் கூடங்களில் உட்காரவைத்து, நேரச்சீட்டுப்படி உள்ளே அனுப்புகிறார்கள். காத்திருக்கும் பாரம் புதுக் கட்டடத்தின்மேல் விழுகிறது, பழைய கோயிலின்மேல் விழுவதில்லை. முதியவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் தனி நேரமும் உண்டு. ஆனால் கூட்டம் ஏற ஏற, பக்தர்கள் கருவறைக்குத் தூரத்திலிருந்தே கும்பிட்டு நகர வேண்டியிருக்கிறது. எண்ணிக்கை கூடினால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நேரமும் நெருக்கமும் குறையும். இதற்கு எந்தப் பொறியாளரிடமும் மருந்தில்லை.

மொத்தத்தில் இந்தப் பகுதியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: திறந்த முற்றத்தின் தாங்குதிறன் வேறு, ஓவியம் இருக்கும் அடைபட்ட சுற்றின் தாங்குதிறன் வேறு. ஒரு கோயில் முழுக்கவும் ஒரே விதி என்று போட்டால் ஒன்று ஓவியம் போகும், அல்லது ஊரே வெளியே நிற்கும்.

கோயில் அருங்காட்சியகம் இல்லையே

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களில் பூசை கிடையாது. வேலி போட்டு, நேரம் வைத்து, "தொடாதே" என்று பலகை மாட்டினால் யாரும் கேட்கப்போவதில்லை. தஞ்சையிலும் தாராசுரத்திலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் அப்படி முடியாது. அங்கே தினமும் அபிஷேகம் உண்டு, விளக்கு உண்டு, திருவிழா உண்டு. மரபுச் சின்னமாகப் பாதுகாக்கப்படும்போதே வழிபாடும் தொடரும் இத்தகைய இடத்தை வாழும் நினைவுச்சின்னம் என்கிறார்கள். எண்ணெயும் பாலும் தண்ணீரும் பட்டுக்கொண்டேதான் இருக்கும். அது சேதம் என்று சொல்லி நிறுத்தினால் கல் இருக்கும், கோயில் இருக்காது.

ஆகவே "மரபு" என்று சொல்லும்போது கல்லை மட்டும் காப்பாற்றினால் போதாது. புழக்கத்தையும் காக்க வேண்டும். அங்கேதான் இன்னொரு ஆட்சேபம் வருகிறது: தெருவில் உருண்ட சக்கரம் சந்நிதிக்குள் வரலாமா? இதற்குப் பல கோயில்கள் சண்டையே இல்லாமல் விடை கண்டுவிட்டன. வாசலிலேயே கோயிலின் சொந்தச் சக்கர நாற்காலி இருக்கும். வெளி நாற்காலியிலிருந்து அதில் மாறி உட்கார்ந்தால் அது கோயிலுக்குள்ளேயே உருளும் சக்கரம். சொந்த நாற்காலியிலிருந்து மாற முடியாத உடல்நிலை உள்ளவர்களும் உண்டு; அவர்களுக்குச் சக்கரத்தைக் கழுவித் துடைத்து விடுவதில் என்ன குறைந்துவிடும் என்று எனக்குத் தெரியவில்லை.

மரபே இந்தச் சிக்கலை முன்பே யோசித்திருக்கிறது என்பது என் எண்ணம். மூலவர் அசையமாட்டார், அதனால் உற்சவர் தெருவுக்கு வருகிறார். படுத்த படுக்கையாகக் கிடப்பவர் வாசலுக்கும் சப்பரம் வரும், நிற்கும், தீபாராதனை ஆகும். கோயிலுக்கு வர முடியாதவரிடம் கோயிலே போகும் ஏற்பாடு அது.

ஆனால் இதையே சாக்காக்கிவிடக் கூடாது. "சாமிதான் தெருவுக்கு வருதே, நீ எதுக்கு உள்ளே வரணும்" என்ற பேச்சைத் தமிழ்நாடு ஏற்கெனவே கேட்டிருக்கிறது. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட சாதியினரை அழைத்துப் போகும் வரை, அவர்கள் வெளியேதான் நிறுத்தப்பட்டிருந்தார்கள். அன்றும் தடுத்தவர்கள் சொன்ன காரணம் மரபுதான். கோயில் நுழைவு சட்டமானது, கோயில்கள் இடிந்துவிடவில்லை. அதனால் "மரபு இடம் தராது" என்று ஒருவர் சொல்லும்போது, எந்தக் கல், எந்த ஓவியம், எந்தப் பூசை கெடும் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். காட்டினால் கேட்டுக்கொள்ளலாம். காட்ட முடியாவிட்டால் அது பாதுகாப்பைப் பற்றிய பேச்சே இல்லை.

மலைக்கோயில்கள்

இங்கே படிகளைச் சரிவாக்கும் கணக்கே எடுபடாது. சோளிங்கர் நரசிம்மர் மலைக்கு 1,305 படி. பழனியில் 1966இலேயே இழுவை ரயில் வந்துவிட்டது, 2004இல் ரோப் கார் வந்தது. சோளிங்கரில் 2024இல்தான் ரோப் கார். பழைய படிவழி அப்படியே இருக்க, மலையின் வேறொரு பக்கம் புதிய வழி போவதால் மீள்தன்மைக் கொள்கைக்கு இது பழுதில்லை. ஆனால் மேல் நிலையத்தில் இறங்கியபிறகு சந்நிதி வரை மறுபடியும் படிகள் இருந்தால் கோடிகள் செலவழித்தும் கடைசிப் பத்தடியில் தோற்றுப்போவோம். மேலே ஆள்கள் வந்து குவியும் வேகமும் கூடும்; சிறிய மலையுச்சிக் கோயிலின் தாங்குதிறனை ரோப் கார் வருவதற்கு முன்பே கணக்கிட்டிருக்க வேண்டும்.

யாரிடம் கேட்பது?

கேள்வி நியாயமாக இருந்தும் தவறான கதவைத் தட்டி அலைபவர்கள் அதிகம். தமிழ்நாட்டில் 36,000க்கும் மேற்பட்ட கோயில்கள் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ், 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வகிக்கப்படுகின்றன. உங்கள் ஊர்க் கோயில் பெரும்பாலும் இதில்தான் வரும். செயல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். தஞ்சை, தாராசுரம் போன்றவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. பூசையும் விழாவும் ஒரு தரப்பிடம் இருந்தாலும் அங்கே கட்டடத்தில் ஆணி அடிக்கவும் அத்துறையின் அனுமதி வேண்டும். அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கப்பால் மேலும் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்பது 2010இல் வந்த சட்டத் திருத்தம். லிஃப்டோ ஓய்வறையோ கேட்கும்போது "முடியாது" என்று பதில் வந்தால் பல நேரம் காரணம் இதுதான். எடுத்துவைக்கும் சாய்தளம் புதுக் கட்டுமானமே இல்லை என்று வாதிடலாம்.

மறுபுறம், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுமக்கள் புழங்கும் கட்டடங்களில் அணுகலை உரிமையாக்கியிருக்கிறது. பழைய கட்டடங்களைக் காப்பதைப் பற்றி 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் 75 கட்டளைகளோடு நீண்ட தீர்ப்பு ஒன்று தந்தது. இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்வதில்லை. விண்ணப்பத்தில் இரண்டையும் சேர்த்தே குறிப்பிடுவது நல்லது. சாய்தளம் கேட்பவர் கல்லின் எதிரி இல்லை என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

நல்ல முன்மாதிரியும் கையில் இருக்கிறது. திருவரங்கத்தில் நடந்த திருப்பணி 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது பெற்றது. பழைய மழைநீர் வடிகால் அமைப்புக்கு அதில் மறுபடி உயிர் கொடுத்தார்கள். தண்ணீர் தேங்காத பிராகாரம் கல்லுக்கும் நல்லது, வழுக்கி விழப் பயப்படும் பாட்டிக்கும் நல்லது.

கேட்பதற்கு ஒரு காலமும் உண்டு. பெரும்பாலான கோயில்களில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு. பாலாலயம் செய்து, அதாவது சாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றி, திருப்பணி தொடங்கியபின் போய்ச் சாய்தளம் கேட்டால், மதிப்பீடு முடிந்துவிட்டது, ஒப்பந்தமும் போட்டாகிவிட்டது என்பார்கள். இல்லாவிட்டால் உங்கள் பேரைச் சொல்லியே நிலைப்படியைச் சிமெண்டால் மூடிவிடுவார்கள். நூறாண்டு தாண்டிய கோயில்களின் திருப்பணித் திட்டம் தொல்லியல் அறிந்தவர்கள் உள்ள குழுவின் பார்வைக்குப் போகிறது. அதற்கு முன்பே, எந்த வாசல், எத்தனை சென்டிமீட்டர் உயரம், எடுக்கக்கூடிய எவ்வளவு நீளச் சாய்தளம், எந்தத் தளக்கல்லை மூடவே கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டு போட்டோவும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். அளவுநாடா எடுத்துப்போய் நிலைப்படியை அளக்க யாரும் அனுமதி கேட்கச் சொல்லமாட்டார்கள்.